பெரியம்மாவின் முழங்கை

அடுப்பங்கரைச் சண்டை என்றதும் மாமியார் மருமகள் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இது அடுப்பங்கரையைப் பற்றிய சண்டை. எங்கள் பெரியம்மா வீட்டில் மூன்று மாதமாக நடந்துவந்தது. கட்சிகள் மூன்று. அடியோடு இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடவேண்டும் என்பது அண்ணன் கட்சி. புகை ஒழிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்பது அண்ணி கட்சி. ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது என்பது பெரியம்மா கட்சி. பெரியம்மா ஜெயித்தால் தமக்கு வேலையில்லை ஆகையால், மேஸ்திரி முதல் நாளே அண்ணன் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"நீ பத்திரிகைக்காரன். நாலு வீடு பார்த்திருப்பே. வந்து ஒரு வழி சொல்லு" என்று அண்ணன் டெலிபோன் செய்தார். நாலு வீடு பார்த்தவன் என்பது வாஸ்தவந்தான். ஆனால் எந்த வீட்டிலும் கூடத்தைத் தாண்டிப் போனதில்லை. இதை வெளியில் சொன்னால் மதிப்புப் போய்விடுமே! பேசாமல் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

பெரிய முதலியார்சாவடி, புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோடு வடக்கே வரும்போது ஆரோவில்லுக்கு வழி பிரிகிற ஊர். மேற்கே செம்மண் மேடு, முந்திரி, சவுக்கு. கிழக்கே கடல். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். சாலையோரமெல்லாம் இப்போது விடுதிகளும் காப்பிக் கடைகளுமாக இருக்கின்றன. ஆனால் உள்ளே இரண்டு தெரு நுழைந்தால் பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. பெரியம்மா வீடு அவற்றில் ஒன்று. பெரியப்பாவின் தகப்பனார் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புமான சுவர், பனங்கை, நாட்டு ஓடு. நடுவில் சிறு முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். பின்கட்டில் அடுக்களை.

அந்த அடுக்களைக்குள் குனிந்துதான் போகவேண்டும். உள்ளே போய் நிமிர்ந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்ற பிறகு தரையோடு தரையாக ஒரு மண் அடுப்பும், அதன் பக்கத்தில் கொடியடுப்பும் தெரியும். மேலே பரண். பரணுக்கு மேலே ஓடுகளின் நடுவில் புகை போக ஓர் இடைவெளி. சுவரெல்லாம் கரி பிடித்துப் பளபளக்கிறது. மூலையில் அம்மி. ஆட்டுக்கல் கிணற்றடியில். குழாய் முற்றத்தில். காஸ் அடுப்போ தாழ்வாரத்தில்!

அது ஏன் தாழ்வாரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "எரியற அடுப்புப் பக்கத்துல சிலிண்டரை வைக்கச் சொல்றியா?" என்றார் அண்ணி. நியாயமான கேள்வி. காஸ் வந்து பதினைந்து வருஷமாகியும் அது அந்த வீட்டு அடுக்களைக்குள் நுழையாததற்குக் காரணம் இதுதான். டீயும் பாலும் தாழ்வாரத்தில் நின்றபடி. சோறும் குழம்பும் உள்ளே உட்கார்ந்தபடி. ஆக ஒரு வீட்டில் இரண்டு சமையலறை, இரண்டும் அரைகுறை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒரு காரியம் செய்தேன். அண்ணி அடுக்களை வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எட்டரை மணிக்கு எண்ணிப் பார்த்தால் எழுபத்தொரு கோடு. வாசற்படியோ முக்கால் அடி உயரம். கையில் தவலையோ சட்டியோ இல்லாமல் தாண்டியது ஏழெட்டுத் தடவைதான் இருக்கும். தாளைக் காட்டினேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அண்ணி மட்டும், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பசங்களுக்கு டிபன் பாக்ஸ் கிடையாது" என்றார்.

கோடு போடும் யுக்தி என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண்மணி இப்படிக் கணக்கெடுத்து உலகத்துச் சமையலறைகளையே மாற்றியிருக்கிறார். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரசபை, முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு சாதாரண ஜனங்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அந்த வீடுகளுக்கு 1926-இல் சமையலறை வகுத்துக் கொடுத்தவர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரர். எத்தனை அடி நடக்கிறார்கள், எதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றெல்லாம் பார்த்து, 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம் என்று ஓர் அறையை அமைத்தார். கை நீட்டினால் அரிசி, திரும்பினால் தண்ணீர், உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி. சுமார் பத்தாயிரம் வீடுகளில் இது அமைந்தது. இன்றைக்குக் கடைகளில் பளபளவென்று வைத்திருக்கிறார்களே, 'மாடுலர் கிச்சன்', அதற்குப் பாட்டி இதுதான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த அம்மாள் நூறு வயதைத் தாண்டி 2000-ஆம் வருஷம் வரை இருந்தார். அந்தச் சமையலறையை வகுக்கும்வரை தாம் சமைத்ததே இல்லையென்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்! வீட்டில் தாயார் சமைத்தார். வெளியே ஓட்டல் இருந்தது. குடி வந்தவர்கள் சொன்ன குறைகளிலும் அர்த்தம் இருந்தது. அறையில் ஒருவர்தான் நிற்க முடியும். குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் உட்கார இடமில்லை. அடியை எண்ணியவர், ஆளை எண்ண மறந்துவிட்டார்.

இதை அண்ணனுக்குச் சொன்னபோது, "ஜெர்மனிக் கதையெல்லாம் இருக்கட்டும். மேடை எத்தனை அடி, அதைச் சொல்லு" என்றார். மேஸ்திரியின் கணக்கு 34 அங்குலம். எங்கே போனாலும் அவர் போடுவது அதுதானாம். அண்ணியைச் சுவரோரம் நிற்கவைத்து டேப்பால் அளந்தோம். உயரம் நாலடி பத்து அங்குலம். முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து 36 அங்குலம். காய் நறுக்குகிற மேடை முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருக்கவேண்டும் என்பது பொதுவான விதி, அப்படியானால் 32. அடுப்பு வைக்கிற மேடையோ இன்னும் தாழ்வாக இருக்கவேண்டும். ஏனென்றால், மேடைமேல் அடுப்பு ஐந்து அங்குலம், அதன்மேல் சோற்றுப் பானை எட்டு அங்குலம். 34-உடன் 13-ஐக் கூட்டினால் 47. அண்ணியின் தோளை அளந்தேன். ஏறக்குறைய அதே 47! அதாவது, மேஸ்திரியின் மேடையில் அண்ணி பானையைக் கிண்டவேண்டுமானால் கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் கிண்டவேண்டும். தினம் மூன்று வேளை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் மேடை சரியாக மூன்றடி. என் மனைவிக்கு இரண்டு வருஷமாக வலது தோளில் வலி. தைலம் தேய்த்தோம், எக்ஸ்ரே எடுத்தோம், டாக்டரை மாற்றினோம். டேப் எடுத்து மேடையை அளக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிக் கொடுத்தவர் ஆறடி உயரம் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

புகை விஷயத்தில் அண்ணி கட்சிதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. விடியற்காலை இருமல் வாசல்வரை கேட்கிறது. விறகுப் புகைக்கும் கண் புரைக்கும், விறகுப் புகைக்கும் நெஞ்சு நோய்க்கும் சம்பந்தம் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

புகையை விரட்ட நம் நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. 1950-களிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, புகையில்லா அடுப்பு ஒன்றை வகுத்து, லட்சோப லட்சம் குடும்பங்களுக்குப் பயன்படவேண்டுமென்று புத்தகமும் எழுதினார். 1980-களில் மத்திய அரசாங்கம் அதைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. 2002-இல் திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேல் அடுப்பு போட்டார்கள். அவற்றில் ஏராளமானவை கொஞ்ச காலத்தில் உடைக்கப்பட்டோ மூலையில் கிடந்தோ போயின. வாய் ஒரு அளவு, அந்த வீட்டுப் பானை வேறு அளவு. குழாயில் கரி அடைத்தால் எடுக்க ஆள் இல்லை. பிறகு 2016-இல் உஜ்வலா திட்டம் வந்து காஸ் இணைப்பைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. அப்படியும் விறகு ஒழிந்துவிடவில்லை. சிலிண்டர் விலை ஒரு காரணம். சவுக்குத் தோப்பில் விறகு சும்மா கிடைக்கிறது என்பது இன்னொரு காரணம். பெரியம்மாவுக்கு மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காஸைப் பற்றி மேஸ்திரிக்கும் தெரியாத, அண்ணனுக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அதை மட்டும் நேயர்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். புகை மேலே போகும். காஸ் கீழே இறங்கும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தண்ணீர் மாதிரி பரவிக் கிடக்கும். பழைய அடுக்களைக்குத் துவாரமெல்லாம் உச்சியில், அது புகைக்காக. விறகை எடுத்துவிட்டு அதே அறையில் காஸ் வைத்தால், உச்சித் துவாரம் மட்டும் போதாது. தரை மட்டத்திலும் காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் பூட்டிவைப்பது அழகாயிருக்கலாம், விவேகமாகாது. பெரியம்மா வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியேற ஒரு பழைய மடைத் துவாரம் சுவரடியில் இருந்தது. அதை அடைத்துவிடுவதுதான் மேஸ்திரியின் முதல் உத்தேசம்!

அண்ணன் கட்சியின் கான்கிரீட்டுக்கு வருவோம். தளம் போட்டால் தலைமுறைக்கும் கவலையில்லை என்பது அவர் வாதம். அதே தெருவில் இருபது வருஷத்துக்கு முன் தளம் போட்ட ஒரு வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் பாளம் பாளமாக விழுந்து, உள்ளே கம்பி செந்நிறமாய்ப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கடலோரத்தின் குணம் அது. உப்புக் காற்று சிமெண்டுக்குள் மெல்ல ஊறிப் போய்க் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதுகிறது. ஊதின கம்பி கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. நல்ல கலவை, கம்பிக்கு மேல் தாராளமான கனம், சரியான நனைப்பு இருந்தால் தாங்கும். அவசரத்துக்குப் போட்டது தாங்காது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினாலும் இதே கதை. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும்.

ஓட்டுக் கூரைக்கும் குறை இல்லாமல் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இந்த வீட்டு ஓடுகளில் பாதி முற்றத்தில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அடுக்களைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அண்ணனுக்குக் கான்கிரீட் ஆசை பிறந்தது அந்த ராத்திரியில்தான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் வந்தது கூரை வழியாக அல்ல. கொல்லை மட்டம் உயர்ந்து வாசற்படி வழியாக. தளம் போட்டாலும் அது வந்திருக்கும்.

இனி அந்த மூன்றாவது காரணம்.

ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்து, பெரியம்மா அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பெரியம்மா, புகை உங்களுக்கு ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே, ஏன் பிடிவாதம் பண்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். "புகை மேல எனக்கு என்னடா ஆசை? எனக்கு மூட்டு போயிடுச்சு. கால் மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது. உட்கார்ந்தா பத்துப் பேருக்கு ஆக்கிப் போடுவேன். அடுப்பு மேடைக்குப் போயிடுச்சுன்னா நான் அங்க என்ன பண்ணுவேன்? திண்ணையில உட்கார்ந்து, 'சாப்பாடு ஆச்சா'ன்னு கேட்கணும். உங்க பெரியப்பா போனதுக்கப்புறம் எனக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதான்."

இதை அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் கேக்கலியே" என்றார்.

மூன்று மாதமாக அந்த வீட்டில் டைல்ஸின் நிறம் பேசப்பட்டது. கிரானைட்டா, கடப்பைக் கல்லா என்று பேசப்பட்டது. கடன் வாங்குவதா, சீட்டு எடுப்பதா என்று பேசப்பட்டது. மேஸ்திரி, தச்சர், குழாய்க்காரர், வாஸ்து பார்ப்பவர் என்று எல்லாரும் வந்து போனார்கள். ஐம்பது வருஷமாக அங்கே சமைத்தவரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் வந்த முதல் நாள் முழுவதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷுட்டே-லிஹோட்ஸ்கி அம்மாளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்று சாயங்காலம் பெரியம்மாவை உட்காரவைத்து அளவெடுத்தோம். இது என்ன கூத்து என்று சிரித்துக்கொண்டே முழங்கையை மடக்கிக் காட்டினார். முக்காலி 16 அங்குலம் இருந்தால் அவர் கால் தரையில் நன்றாகப் பதிகிறது. முட்டியும் மடங்கி வலிக்காது. உட்கார்ந்த நிலையில் முழங்கை தரையிலிருந்து 25 அங்குலம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதுதான் அவர் மூட்டைக் கொன்றுகொண்டிருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. எழும்போதெல்லாம் அடுப்பு மேட்டைப் பிடித்துக்கொண்டு எழுவாராம்.

அப்புறம் வேலை நடந்தது. நான் இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன்.

சுவர் அதே சுவர். கரியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே பூசி, சுண்ணாம்பே அடித்திருக்கிறார்கள். கூரையில் ஓடு மாற்றி, இரண்டு இடத்தில் கண்ணாடி ஓடு வைத்ததில் பகலில் விளக்கே வேண்டாம். பனங்கைக்கு மட்டும் ஒரு புது வைத்தியம் செய்யவேண்டியிருந்தது. இத்தனை நாள் புகை பட்டுப் பட்டுப் பூச்சி அண்டாமல் இருந்த மரம், புகை நின்றால் உளுத்துப்போகும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள். படகுக்குப் பூசுகிற எண்ணெய். கை பட்டால் வெந்துவிடும், ஜாக்கிரதை. வாசற்படிக்கு வெளியே கொல்லையில் மண்ணை வெட்டி மட்டத்தைத் தாழ்த்தி, தண்ணீர் ஓட வாய்க்கால் இழுத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் உள்ளேயே வந்துவிட்டது.

மேடை கடப்பைக் கல், ஆனால் ஒரே மட்டம் அல்ல. அடுப்பு 26 அங்குலத்தில். நறுக்குகிற இடம் 32-இல். கோடியில் இரண்டரை அடி நீளத்துக்கு 24 அங்குலத்தில் ஒரு பகுதி. அதற்குக் கீழே அலமாரி கிடையாது, கால் நீட்ட இடம் விட்டிருக்கிறது. அது பெரியம்மாவுடையது. காய், தேங்காய், மீன் எல்லாம் அங்கே. அலமாரிக்குப் பலகை வேண்டாமென்று கல் தட்டுகளே வைத்தார்கள். கதவுள்ள இரண்டொரு இடத்தில் பித்தளைக் கீல். இரும்பு அந்த ஊரில் இரண்டு மழைக்குத் தாங்காது. சிலிண்டர் சுவருக்கு வெளியே, நிழலில். மடைத் துவாரம் திறந்தே இருக்கிறது. எலி வராமல் வலை மட்டும்.

விறகு அடுப்பு ஒழியவில்லை, கொல்லைக்குப் போயிருக்கிறது. மூன்று பக்கமும் திறந்த ஒரு சார்ப்பு. அதில் செங்கல்லால் 14 அங்குல உயரத்தில் அடுப்பு. பெரியம்மாவின் மண்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதன் வாயை அளவெடுத்துக் கட்டினாராம் மேஸ்திரி. புகைக்குழாய் கூரையைத் தாண்டி மேலே நிற்கிறது. தாண்டாவிட்டால் மத்தியானம் கடல்காற்று அடிக்கும்போது புகை திரும்பி முகத்துக்கே வரும். மீன் குழம்பு மட்டும் அங்கே, வாரத்தில் இரண்டு நாள். மற்றதெல்லாம் காஸ். இருமல் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், வாசல்வரை கேட்கவில்லை.

அண்ணன் எதிர்பார்த்த செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்றாம். டைல்ஸ் இல்லையே என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. அண்ணிக்கு வேறு குறை: பாத்திரம் கழுவும் தொட்டி ஆழம் போதவில்லை, அண்டா உள்ளே இறங்கவில்லை. அண்டாவை அளக்க மறந்துவிட்டோம்.

தீராத விவகாரம் ஆட்டுக்கல் ஒன்றுதான். கோயம்புத்தூர்க்காரர்கள் 1955-இலேயே மாவரைக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியம்மா வீட்டுக்கும் 2011-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் ஒரு கிரைண்டர் கிடைத்தது, இன்றும் ஓடுகிறது. ஆகையால் கிணற்றடி ஆட்டுக்கல்லுக்கு வேலையில்லை. மழைத் தண்ணீர் தேங்கிக் கோழிகள் குடிக்கின்றன. சாலையோர விடுதி ஒன்றிலிருந்து ஆள் வந்து, அதில் தாமரை வளர்த்து வாசலில் வைப்பதற்கு ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னாராம். அண்ணிக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அந்தப் பணத்தில் பெரிய தொட்டி வைத்துவிடலாமாம்.

"குழவியும் சேர்த்தா, குழவி இல்லாமலா?" என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். வந்தவர் குழவி தேவையில்லை என்றாராம்.

"குழவி இல்லாம ஆட்டுக்கல்லு வாங்கறவனுக்கு நான் எதையும் விக்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் வந்து மத்தியஸ்தம் செய்யும்படி எனக்கு மறுபடியும் டெலிபோன் வந்திருக்கிறது. இந்தத் தடவை நான் பஸ் ஏறப் போவதில்லை. எங்கள் வீட்டு மேடையை ஐந்து அங்குலம் இறக்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார்.